ஹெலன் முடிச்சு

எங்கள் ஜிம்மில் சில மாதங்களுக்கு முன்புவரை யாராவது இடுப்பில் கயிற்றைத் தப்பாகக் கட்டினால், "ஏய், ஹெலன் முடிச்சு போடாத!" என்று சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்தவர்கள் எல்லாம் படூர் ஃபிளாட்டுகளிலிருந்து வருகிற படித்த பிள்ளைகள். முதல் தடவை அதைக் கேட்டபோது என் கையில் ஒரு ஜோடி ஷூ இருந்தது. அதை எடுத்து அந்த வாய்மேலேயே ஒரு போடு போட்டிருக்க வேண்டும். போடவில்லை. மாதச் சம்பளக்காரிக்குக் கோபம் பல்லுக்குள்ளேயே இருந்துவிடும்.

என் பெயர் வரலட்சுமி. படூரில், மூன்று மாடி உயரத்துக்குச் செயற்கைப் பாறைச் சுவர் கட்டியிருக்கும் கிளைம்பிங் ஜிம்மில் வாசல் மேசை என்னுடையது. வருகிறவர்களிடம் ஃபாரம் வாங்குவது, ஷூ கொடுப்பது, திரும்பி வந்த ஷூவுக்கு மருந்தடிப்பது, அடிபட்டால் ஐஸ் வைப்பது, அதைப் பதிவேட்டில் எழுதுவது எல்லாம் நான்தான். சொந்த ஊர் திருக்கழுக்குன்றம். நான் ஏறியதெல்லாம் அந்த மலைக்கோயில் படிகள் மட்டும், அதுவும் நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்து. பாறை ஏறுவதைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். ஏழு வருஷமாகக் கீழே உட்கார்ந்து விழுகிறவர்களைப் பார்க்கிறேன், அது போதும்.

ஹெலன் முதலில் வந்தது ஏறுவதற்கு அல்ல, பிடி கழுவ. சுவரில் திருகியிருக்கும் கலர் பிடிகளில் வியர்வையும், கை வழுக்காமலிருக்கப் பூசுகிற சாக் பொடியும் அப்பிக்கொள்ளும். கழற்றித் தொட்டியில் ஊறப்போட்டு பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். அவளுடைய அப்பா பூபாலன் ஒரு காலத்தில் அடுத்தவர் வயலில் கூலிக்கு உழைத்தவர். அந்த வயல்கள் எல்லாம் பிளாட் ஆன பிறகு கேளம்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக்கு செக்யூரிட்டி. ப்ளஸ் டூ முடித்த ஹெலன் பிடிகளைக் கழுவினாள். கழுவியதைத் திரும்ப மாட்ட ஏணி எட்டாதபோது தானே சுவரில் ஏறினாள். ஓனர் ராகவன் ஒரு நாள் அதைப் பார்த்து வாய் பிளந்துவிட்டார். நான்கே வருஷத்தில் சனி, ஞாயிறு வகுப்புகள் முழுக்க அவள் கைக்கு வந்தன. ஐம்பத்தொரு கிலோ உடம்பு. அந்தச் சுவரில் அவள் ஏறுவதைப் பார்த்தால் பல்லி கூட வெட்கப்படும்.

இந்தத் தொழிலில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். மேலே ஏறுகிறவர் இடுப்பில் கயிறு கட்டியிருக்கும். அது உச்சியில் ஒரு வளையத்துக்குள் போய்க் கீழே நிற்பவரிடம் வரும். கீழே நிற்பவர் இடுப்பில் ஒரு சின்னக் கருவி, அதற்குள் வளைந்து வரும் கயிற்றை வலது கையால் இறுக்கிப் பிடிக்க வேண்டும். பிடித்த கையை எடுத்தால் மேலே இருப்பவர் காலி. ஏறுவதற்கு முன்னால் இரண்டு பேரும் எதிரெதிரே நின்று, அவர் முடிச்சை இவர் தொட்டுப் பார்த்து, இவர் கருவியை அவர் தொட்டுப் பார்த்து, வாய்விட்டு "சரி" சொல்ல வேண்டும். நூறு தடவை ஏறியவர்களும் சொல்ல வேண்டும். சாமி கும்பிடாதவர்கள் கூட இதைச் செய்யாமல் ஏறமாட்டார்கள்.

போன ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. செங்கல்பட்டிலிருந்து எங்கள் ஊருக்குப் போகிற ரோட்டில், உள்ளே ஒரு கிலோமீட்டர் தள்ளி ஒரு மொட்டைக் குன்று இருக்கிறது. ஆட்டுப்பாறை என்போம். மாதம் ஒரு தடவை பயிற்சிக்கு வருகிறவர்களை அங்கே கூட்டிப்போவோம். ராகவன் பத்துப் பதினைந்து பேரோடு பாறையின் அந்தப் பக்கம் இருந்தார். நான் வேன் நிழலில் நாஸ்தா பொட்டலங்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். இந்தப் பக்கம் ஹெலன் ஏற, ஆதித்யா கயிறு பிடித்தான்.

ஆதித்யாவுக்கு ஒரு ஐ.டி. கம்பெனியில் பெரிய வேலை. மூன்று வருஷமாக ஏறுகிறான். ஏறுவதைவிட ஏறியதை ஃபோனில் போடுவது அதிகம். அவனால் கம்பெனி ஆட்கள் கும்பல் கும்பலாக வந்தார்கள், அதனால் ராகவனுக்கு அவன் தங்கக் கம்பி.

சத்தம் கேட்டு ஓடினேன். ஹெலன் பாறை நடுவில் திண்டு மாதிரி நீட்டியிருந்த இடத்தில் குப்புறக் கிடந்தாள். மேலே இருந்து இரண்டு ஆள் உயரம் விழுந்து, வலது உள்ளங்கையை ஊன்றியிருக்கிறாள். இறக்கிப் படுக்க வைத்தபோது அவள் முகத்தில் ரத்தமே இல்லை. ஆதித்யா மடமடவென்று அவள் இடுப்பிலிருந்த கயிற்றை அவிழ்த்தான். எவ்வளவு பதறுகிறான் பாவம் என்று நினைத்தேன். பாவமாம்!

ராகவன் ஓடி வந்ததும் அவன் சொன்னான்: "முடிச்சு அரைகுறையா இருந்துச்சு ராகவன். நழுவிக்கிட்டே வந்து கடைசில மாட்டிக்கிச்சு. நான் மட்டும் டைட்டா பிடிக்கலன்னா தரைக்கே வந்திருப்பா."

முடிச்சைப் பார்க்க முடிச்சு இல்லை. அவிழ்த்தவன் சொன்னதுதான் சாட்சி. ஹெலன் வலியில் பேச முடியாமல் கிடந்தாள். மறுநாள் நான் பதிவேட்டில், என் கையால், என் பேனாவால், 'முடிச்சுத் தவறு' என்று எழுதினேன். அந்தப் பாவம் எனக்கும் உண்டு, மறைக்கமாட்டேன்.

எலும்பு உடையவில்லை. உடைந்திருந்தால் ஒட்டியிருக்கும். மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கம் எலும்புகளைச் சேர்த்துக் கட்டியிருக்கிற தசைநார் கிழிந்திருந்தது. ஆறு வாரம் கையை ஆட்டக் கூடாது, அப்புறம் எட்டு மாதமோ பத்து மாதமோ, பழைய கை திரும்புமா என்பதைச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். பூபாலன் நைட் டியூட்டி முடிந்து வந்து உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, நீங்களாச்சும் சொல்லுங்க. நான் முடிச்ச சரியாத்தான் கட்னேன்," என்றாள் ஹெலன். சொல்லிவிட்டு அவளே, "கட்னேன்தான?" என்று கேட்டாள். தன் கையையே சந்தேகப்பட வைத்துவிட்டான் அந்தக் கடங்காரன்.

பூபாலன் தரையைப் பார்த்தபடி, "வுடும்மா. அவுங்க சொன்னா சொன்னதுதான். நம்ம பேச்சு எங்க எடுபடப் போவுது?" என்றார்.

"அது ஒங்க காலம் நைனா!" ஹெலன் கத்தியதில் அவர் எழுந்து வெளியே போய்விட்டார். நானும் ஆரஞ்சை வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

ஆறு வாரம் கழித்து, கையில் பட்டை போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தாள். ராகவன் கெட்டவர் அல்ல, முதுகெலும்பு மட்டும் கொஞ்சம் கம்மி. "யானைக்கும் அடி சறுக்கும் ஹெலன். ஆனா முடிச்சு தப்பா போட்டவங்கள வகுப்பெடுக்க வச்சா ஜனங்க பயப்படுவாங்க. கொஞ்ச நாள் உள்வேலை பாரும்மா," என்றார். உள்வேலை என்றால் என்ன? பிடி கழுவுவது. எந்தத் தொட்டியிலிருந்து எழுந்து வந்தாளோ அதே தொட்டிக்கு முன்னால், இடது கையில் பிரஷ்ஷோடு போய் உட்கார்ந்தாள். சனி, ஞாயிறு வகுப்பை யார் எடுத்தது என்று சொல்லவும் வேண்டுமா? ஆதித்யாதான். முடிச்சுப் பாடம் நடத்தும்போது உதாரணத்துக்கு அவள் கதையைச் சொன்னான். அப்படிப் பிறந்ததுதான் 'ஹெலன் முடிச்சு'. தொட்டிக்கு எதிரிலேயே சொல்லிச் சிரிப்பார்கள், அவள் தலை நிமிராது.

எனக்கு மனசு கேட்காமல் ஒரு நாள், "மன்னிச்சி வுட்டுடுன்னுதான ஒங்க கோயில்ல சொல்றாங்க? வுட்டுத் தொலையேன்டி," என்றேன்.

"மன்னிக்கிறேன்க்கா. மொதல்ல அவன் வந்து கேக்கட்டும்."

அவளுடைய வைத்தியத்தை நான் தினமும் பார்த்தேன். கை கிழிந்தவள் குழந்தை மாதிரி முதலிலிருந்து தொடங்க வேண்டும். தோசைக் கரண்டியின் காம்பைப் பிடித்து, உள்ளங்கையை மேலே திருப்பு, கீழே திருப்பு. இருபது தடவை. ஈரத் துண்டைப் பிழி. அரிசி வாளிக்குள் விரல்களை விட்டு விரி, மூடு. கதவுக் குமிழைத் திருகும்போது உதட்டைக் கடித்துக்கொள்வாள். ஏப்ரலில் ஒரு தண்ணீர்க் குடத்தைத் தூக்கிவிட்டு அழுதாள். பெருமையில் அழுகிறாள் என்று நினைத்தேன். "எட்டு லிட்டருக்கே இப்டி நோவுதுக்கா, எப்போ நான் தேறி எப்போ..." என்று நிறுத்திக்கொண்டாள். எப்போ என்ன என்று நான் கேட்கவில்லை.

மே மாதம் ஆதித்யா தன் வகுப்புக்கு விளம்பரமாக ஒரு வீடியோ போட்டான். அதில் பழைய துண்டுகளை எல்லாம் ஒட்டியிருந்தான். ஒரு துண்டில் ஹெலன் ஆட்டுப்பாறையில் ஏறுகிறாள். ஜனவரியில் போட்டிருந்த அதே மஞ்சள் பனியன். கீழேயிருந்து எடுத்தது. ஐந்து நொடி ஓடி, படம் அவள் முதுகை நோக்கிக் கிட்டே, இன்னும் கிட்டே போய், டக்கென்று வெட்டு. ஹெலன் அதை என் மேசைமேல் வைத்து நாலைந்து தடவை போட்டுக் காட்டினாள்.

"அக்கா, இது நான் வியுந்த அன்னிக்கி. கீழ அவன் ஒர்த்தன்தான் இருந்தான். படம் கிட்ட போவுது பாருங்க. ஒங்க ஃபோன எடுத்து இப்டி ஸூம் பண்ணுங்க."

நான் எடுத்தேன். இடது கையால் ஃபோனைப் பிடித்தேன், வலது கை விரல்களைத் திரையில் வைத்து விரித்தேன். விரித்தவள் அப்படியே நின்றுவிட்டேன். இரண்டு கையும் ஃபோனில் இருந்தன. அப்போது கயிற்றை எந்தக் கையால் பிடிப்பது, மூன்றாவது கையாலா?

அந்த நொடியில் எனக்கு இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அன்றைக்கு ஆம்புலன்ஸ் போன பிறகு ஆதித்யா என்னிடம் வந்து கை எரிகிறது என்றான். வலது உள்ளங்கையில் நீளமாகத் தோல் வழண்டிருந்தது. நான்தான் மருந்து தடவினேன். முடிச்சு நழுவியிருந்தால் அவன் கையிலிருக்கும் கயிறு ஓடாதே! கையை எடுத்துவிட்டு, ஓடுகிற கயிற்றைப் பாய்ந்து பிடித்தவனுக்குத்தான் அப்படிச் சுடும். ஏழு வருஷம் கீழே உட்கார்ந்து பார்த்த தகுதி எனக்கு அன்று எங்கே மேயப் போயிருந்ததோ.

இரண்டு பேரும் ராகவனிடம் போனோம். வீடியோவைப் பார்த்தார், நான் சொன்னதையும் கேட்டார், பேனாவை மூடினார், திறந்தார். "இத வச்சு எப்படிம்மா ஒருத்தர் பேரைக் கெடுக்கறது? அவன் வாயால சொன்னா நான் கேக்கறேன்."

ஹெலன் பேரைக் கெடுக்க ஒரு வீடியோ கூட வேண்டியிருக்கவில்லை. அதைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் ஹெலன், "சரி சார், அவன் வாயாலயே சொல்லட்டும்," என்று சொல்லி வெளியே வந்துவிட்டாள். வந்தவள் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்: "அவன் ஃபாரத்துல வெயிட் இன்னா போட்டுக்கீறான், பாருங்க." பார்த்தேன். எழுபத்திரண்டு.

அதற்கப்புறம்தான் எனக்குப் பயம் பிடித்தது. ஜிம்மில் கயிறு பிடிக்கப் பழக ஒரு மணல் மூட்டை உண்டு. காலையில் திறக்கும் முன்னால் ஹெலன் வந்து, கனம் தன்னை மேலே தூக்கிவிடாதபடி தரைக் கொக்கியோடு கட்டிக்கொண்டு, அந்த மூட்டையைக் கப்பி போட்டு உச்சிவரை ஏற்றி, வலது கையால் பிடித்து நிற்பாள். முதலில் இருபது கிலோ. வாரா வாரம் மணலைக் கூட்டினாள். ஜூலையில் ஐம்பது, ஆகஸ்ட் கடைசியில் எழுபத்திரண்டு. பத்து நிமிஷம் பிடிப்பாள். அப்புறம் கையை எடுப்பாள். மூட்டை மேலேயிருந்து தடாலென்று வந்து மெத்தையில் விழும். அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"ஹெலனு, இன்னாடி பண்ணிகினு கீற?"

"கை தேறிச்சான்னு பாக்கறேன்க்கா."

எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. ராகவனிடம் சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கும் அவன்மேல் அவ்வளவு ஆத்திரம் இருந்தது.

செப்டம்பரில் ஆதித்யாவே வந்து வலையில் விழுந்தான். தொட்டி பக்கம் வந்து, பட்டை இல்லாத அவள் கையைப் பார்த்து, "வாவ், சரியாயிடுச்சா! பழசெல்லாம் மறந்துடு ஹெலன். இந்த ஞாயிறு ஆட்டுப்பாறைல என் வகுப்பு, டாபிக் 'நம்பிக்கை'. நான் ஏறறேன், நீ கயிறு பிடி. செம வீடியோ வரும்," என்றான்.

"பிடிக்கிறேன் சார்," என்றாள் ஹெலன்.

அந்த ஞாயிறு இருபத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். வெயில் ஏறிவிட்டது. ஹெலன் ஒரு பூவரச மரத்து வேரோடு தன்னைக் கட்டிக்கொண்டாள். சஹானா என்ற பெண்ணிடம் ஆதித்யா தன் ஃபோனைக் கொடுத்து, நிறுத்தாமல் எடுக்கச் சொன்னான். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "ஏறறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் செக் பண்ணணும். ஒருத்தர் தப்ப இன்னொருத்தர் பிடிச்சிடுவார். அதான் நம்பிக்கை," என்றான். ஹெலன் அவன் முடிச்சைத் தொட்டாள், இழுத்தாள், மறுபடியும் இழுத்தாள்.

"நல்லா பாரு, ஹெலன் முடிச்சு இல்லயே?" என்று அவன் கண்ணடித்தான். இருபத்திரண்டு பேரும் சிரித்தார்கள்.

"சரியா கீது," என்றாள் ஹெலன்.

ஏறினான். நன்றாகவே ஏறினான், இல்லை என்று சொல்லமாட்டேன். உச்சிக்குப் போய், கயிற்றில் சாய்ந்து உட்கார்ந்து, கீழே பார்த்துக் கையாட்டினான். "ஓகே ஹெலன், எறக்கு!"

ஹெலன் இறக்கவில்லை. வலது கை கயிற்றை இறுக்கிப் பிடித்து இடுப்போரம் நின்றது.

"ஒரு டவுட்டு ஆதித்யா," என்றாள். அவனை அவள் சார் போடாமல் கூப்பிட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "ஜனவரில, இதே பாறைல, நான் ஏறறதுக்கு முன்னாடி எம் முடிச்ச நீ பாத்தியா, இல்லியா?"

"கீழ வந்து பேசலாமே."

"இல்ல, அங்கயே இருந்து சொல்லு. பாத்தியா?"

"பார்த்தேன். அதெப்படி பார்க்காம இருப்பேன்?"

"பாத்துட்டு சரின்னு சொன்ன?"

"சொன்னேன், எறக்கு."

"அப்போ முடிச்சு சரியாத்தான் இருந்துக்கீது. சரியா இருந்த முடிச்சு எப்டி நழுவிச்சி?"

மேலே அவன் கால்களை மாற்றி மாற்றி ஊன்றினான். "அப்போ... நான் சரியா பார்த்திருக்க மாட்டேன்."

"சரியா பாக்காமயே சரின்னு சொன்னவன்தான் இவங்களுக்கு சொல்லிக் குடுக்கிறியா?"

ராகவன் வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார். "ஹெலன், போதும்மா, எறக்கிடு."

அவள் திரும்பவே இல்லை. "நீங்கதான சார் சொன்னீங்க, அவன் வாயால சொல்லட்டும்னு. சொல்லிகினு கீறான், இருங்க."

அவள் மணிக்கட்டைப் பார்த்தேன். சுண்டுவிரல் பக்கம் புடைத்திருந்தது. வலி அவள் தாடையில் தெரிந்தது. விடப்போகிறாள் என்று நினைத்தேன். மணல் மூட்டை விழுகிற சத்தம் என் காதில் கேட்டது. கத்த வேண்டும் என்று தோன்றியது, ஆனால் எனக்கு வாய் வரவில்லை. அந்த வெட்கம் இன்னும் எனக்கு இருக்கிறது.

"கடைசியா ஒன்னு," என்றாள் ஹெலன். "ஃபோன்ல ஸூம் பண்ணும்போது எந்தக் கையால கயித்த புட்ச்சிகினு இருந்த?"

அவள் காத்திருந்தாள். இடுப்புப் பட்டையில் தொங்கினால் ஐந்து நிமிஷத்தில் கால் மரத்துவிடும். அவனுக்கு அதற்கு மேலும் ஆகிவிட்டது. கீழே நிற்கிறவளின் கை எந்தக் கை, அதைக் கிழித்தது யார் என்று அந்தப் பாறையில் அவனைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யார்?

"எடுத்துட்டேன்," என்றான்.

"கேக்கல."

"கைய எடுத்துட்டேன்! ரெண்டே செகண்ட்! முடிச்சு சரியாதான் இருந்துச்சு. நான்தான் கைய எடுத்தேன். ப்ளீஸ் ஹெலன், எறக்கு!" குரல் உடைந்து அழுதான். சஹானா அவன் சொன்னபடியே நிறுத்தாமல் எடுத்துக்கொண்டிருந்தாள்.

ஹெலன் இறக்கினாள். பால் குக்கரை அடுப்பிலிருந்து இறக்குகிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக. தரையில் கால் பட்டதும் அவன் மடங்கி உட்கார்ந்தான். இரண்டு பேர் ஓடிப்போய் அவன் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார்கள்.

"யாரும் கைய வெக்காதீங்க!" ஹெலன் போட்ட சத்தத்தில் நானே நடுங்கிவிட்டேன். "மொதல்ல எல்லாரும் வந்து முடிச்ச பாருங்க. பாத்துட்டு அப்பாலதான் அவுக்கணும்."

இருபத்திரண்டு பேரும் ஒவ்வொருவராக வந்து, அழுதுகொண்டிருந்தவனின் இடுப்பைக் குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கடைசியாக ராகவனும் பார்த்தார்.

அடுத்த வாரம் சனி, ஞாயிறு வகுப்பு ஹெலனிடம் திரும்பி வந்தது. கையில் மறுபடி பட்டை, டாக்டரிடம் நல்ல திட்டு, அதோடுதான் வகுப்பெடுத்தாள். ஆதித்யா அப்புறம் ஜிம் பக்கம் வரவில்லை. பதிவேட்டை எடுத்து நான் எழுதியதை நானே அடித்து, 'கயிறு பிடித்தவர் கையை எடுத்தார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இப்போது கீழே நிற்கிறவர் கை கொஞ்சம் தளர்ந்தால் பிள்ளைகள், "ஏய், ஆதித்யா பண்ணாத!" என்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு ஃபில்டர் காபி குடித்த மாதிரி இருக்கிறது. பெருந்தன்மை வேண்டும் என்கிறவர்கள் வேறு ஜிம்முக்குப் போகட்டும்.

ஆனால் அன்றைக்கு வேனில் திரும்பி வந்தபோது பேசியதைத்தான் நான் மறக்க முடியாமல் இருக்கிறேன். அவள் கையை என் மடியில் வைத்து ஐஸ் ஒற்றிக்கொண்டிருந்தேன்.

"நான் பயந்தே பூட்டேன்டி. வுட்டுடுவியோன்னு நெனச்சேன்," என்றேன்.

"வுடணும்னுதான்க்கா அந்தக் கைய தேத்துனேன்," என்றாள். "காலைல கெளம்பும்போது கூட அதான் எண்ணம்."

"அப்பால இன்னா ஆச்சி?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அவன் முடிச்ச தொட்டு சரின்னு சொல்லிட்டேனேக்கா."